26 வருடம் நின்ற புல்லட்டும் ஒரு கையெழுத்தும்

கிராமங்களில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்புறமோ, உரமூட்டை அடுக்கிய சாளைக்குள்ளோ பழைய வண்டி ஒன்று சாக்குப் போர்த்தி நிற்பதைப் பார்க்கலாம். ராஜ்தூத், எஸ்டி, ஜாவா, லாம்ப்ரட்டா, புல்லட் என்று பெயர் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். 'ஒரு நாள் ரெடி பண்ணிக்கலாம்' என்று நிறுத்தியிருப்பார்கள். அந்த ஒரு நாள் வருவதற்குள் வண்டி வாங்கியவரே போய்ச் சேர்ந்திருப்பார்.

இப்போது இந்த வண்டிகளுக்குத் திடீர் மவுசு வந்திருக்கிறது. ஊர் ஊராகத் தேடி வந்து விலை கேட்கிறார்கள். அப்படியே கொடுத்துவிடலாமா, ஓட வைத்துவிட்டுக் கொடுத்தால் கூடுதலாகக் கிடைக்குமா, அப்பா பெயரில் இருக்கும் ஆர்.சி. புத்தகத்தை என்ன செய்வது என்ற கேள்விகள் பல குடும்பங்களில் எழுகின்றன. ஈரோடு மாவட்டத்தில் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இரண்டரை ஏக்கர் மஞ்சளும் ஒன்றரை ஏக்கர் வாழையும் வைத்திருக்கும் ஒரு குடும்பம், 2025 சித்திரையில் தொடங்கி ஆவணிக்குள் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் தேடி முடித்தது. குடும்பத்தின் பெயர் இங்கே வேண்டாம். நடந்தது பலருக்கும் பயன்படும்.

அப்பாவின் வண்டி

அது 1974-ல் தயாரான 350 சி.சி. புல்லட். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கி, சென்னை திருவொற்றியூரில் வைத்துத் தயாரித்த வண்டி. இங்கிலாந்தில் அந்தத் தொழில் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் நிற்காமல் தயாரானது. அதனால்தான் ஐம்பது வருடப் பழைய வண்டிக்கும் இன்றைக்குச் சாமான் கிடைக்கிறது. பழைய வண்டியை எடுத்துச் செய்ய நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சாமான் கிடைக்காத வண்டி என்றால், ஒரு சின்ன ரப்பருக்காக ஆறு மாதம் அலைய வேண்டியிருக்கும்.

பெரியவர் அந்த வண்டியை 1981-ல் மஞ்சள் விற்ற காசில் இரண்டாவது கையாக வாங்கினார். பால் கேன், பிண்ணாக்கு மூட்டை, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் என்று எல்லாம் அதில்தான் போயின. மகன் பின்னால் உட்காருவார். மகள் முன்னால் டேங்க் மேல் உட்காருவார். 1999-ல் மூட்டுவலி வந்து, கிக்கரை உதைக்க முடியாமல் போனது. டி.வி.எஸ். 50 ஒன்றை வாங்கிக்கொண்டு புல்லட்டைச் சாளையில் ஏற்றி நிறுத்தினார். 'கால் சரியானதும் எடுத்துக்கலாம்' என்று டேங்க்கில் பாதிப் பெட்ரோலை அப்படியே விட்டுவிட்டார். 2011-ல் காலமானார்.

மகனுக்கு இப்போது 51 வயது. கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவர், நின்ற நிலையில் 45,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். "ஓடற கண்டிஷன்ல, பேப்பரோட இருந்தா ஒரு லட்சத்துக்கு மேலயே போகுமுங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சுத்தான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது.

பொட்டாஷ் மூட்டையும் குளவிக் கூடும்

சாளையிலிருந்து வண்டியை வெளியே இழுத்தபோது, வலது பக்கத்தைவிட இடது பக்கம் பல மடங்கு அரித்துப் போயிருந்தது. பின் மட்கார்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஸ்போக்ஸ் கம்பிகள் தொட்டால் உதிர்ந்தன. காரணம், அந்தப் பக்கம் பல வருடமாகச் சாய்த்து வைத்திருந்த பொட்டாஷ் மூட்டைகள். நாம் போடும் மியூரேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஒரு வகை உப்புத்தான். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். அந்தக் குளோரைடு இரும்பில் பட்டால் துரு நிற்காமல் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். சீட்டின் மேல் கோழிகள் அடைந்து, எச்சம் பட்ட இடமெல்லாம் குரோமியம் உரிந்திருந்தது.

சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. காற்று ஃபில்டர் பெட்டிக்குள் எலி பஞ்சும் நெல் உமியும் சேர்த்துக் குட்டி போட்டிருந்தது. வயரிங்கை மூன்று இடத்தில் கடித்திருந்தது. இதையெல்லாம் பார்க்காமல் யாராவது அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்திருந்தால், உமி கார்புரேட்டர் வழியாக நேரே இன்ஜினுக்குள் போயிருக்கும்.

முதல் நாள் உதைக்காதீர்கள்

அந்தப் பகுதியில் பழைய புல்லட் வேலை தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் மிச்சம். வயது 72. கடையை மூடி எட்டு வருடம் ஆகிறது. ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறார். "கை வேலை செய்யுது தம்பி, கண்ணுதான் ஒத்துழைக்க மாட்டேங்குது. ஆராச்சும் சின்னப் பசங்க கூட இருந்தாச் செய்யலாம்" என்றார். வீட்டில் இருந்த சின்னப் பிள்ளை, டிப்ளமோ மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள். அப்படித்தான் அந்தப் பெண் இந்த வேலைக்குள் வந்தாள்.

வந்த அன்றைக்கு மெக்கானிக் செய்த முதல் காரியம், கிக்கரைக் கழற்றித் திண்ணை மேல் வைத்ததுதான். "இது இருந்தா போறவன் வாரவன் எல்லாம் உதைச்சுப் பார்ப்பான்" என்றார். காரணம் இல்லாமல் இல்லை. பல வருடம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங், போரின் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். அந்த நிலையில் ஓங்கி உதைத்தால் ரிங் உடையும், போரில் கீறல் விழும். ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை பத்தாயிரத்துக்குப் போய்விடும்.

பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரம் வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து, சிரிஞ்சால் உள்ளே விட்டார்கள். தினமும் காலையில் கொஞ்சம். நாலாவது நாள் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை. ஆறாவது நாள் மணிக்கட்டு அளவுக்கு நகர்ந்தது. எட்டாவது நாள் முழுச் சுற்று வந்தது. அதற்குப் பிறகுதான் ஹெட்டைக் கழற்றினார்கள். ரிங் மாற்றி, வால்வு கிரைண்டிங் செய்தால் போதும் என்று தெரிந்தது.

அடியில் இருக்கும் பிளக்கைத் திறந்து பழைய ஆயிலை வடித்தபோது, தார் போல வந்தது. புல்லட்டில் ஆயில், கிராங்க் இருக்கும் அறைக்குப் பின்னால் தனி அறையில் இருக்கும். வண்டி நீண்ட நாள் நின்றால் அந்த ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். இது தெரியாமல் மேலேயும் ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்பவர்கள், சைலன்சரில் புகை மண்டலம் கிளம்பியதும் 'போர் போச்சு' என்று பயந்துவிடுகிறார்கள். முதலில் முழுவதையும் வடித்து, ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 புது ஆயிலை அளவாக ஊற்ற வேண்டும்.

டேங்க்கில் எந்த அமிலம்?

டேங்க் மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை அடித்தது. பெட்ரோல் நின்றால் லேசான பகுதி ஆவியாகிப் போய், மீதி பிசினாக அடியில் தங்கிவிடும். பெட்ரோல் வற்றிய இடத்தில் காற்றின் ஈரம் பட்டுத் துரு பிடிக்கும்.

சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைப்பு எடுக்க வாங்கிய ஹைட்ரோகுளோரிக் அமிலம் வீட்டில் இருந்தது. அதையே ஊற்றலாமா என்று மகன் கேட்டார். மெக்கானிக் மறுத்துவிட்டார். அந்த அமிலம் துருவையும் தின்னும், மெல்லிய தகட்டையும் சேர்த்துத் தின்னும். கழுவிய சில மணி நேரத்தில் மறுபடி துரு ஏறும். துருவுக்கு ஏற்றது பாஸ்பாரிக் அமிலம். அது துருவைக் கரைத்து, இரும்பின் மேல் பாஸ்பேட் படலமாக மெல்லிய சாம்பல் நிறப் பூச்சை விட்டுப் போகும். அது கொஞ்ச காலத்துக்குப் பாதுகாப்பு.

டேங்க்கை வண்டியிலிருந்து கழற்றி, பெட்ரோல் வாடை போகும்வரை சோப்புத் தண்ணீரால் பல முறை கழுவினார்கள். கைப்பிடி போல்ட் நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கி, தட்டி, பொருக்குகளைக் கொட்டினார்கள். பிறகு, தண்ணீரில் சிறிது சிறிதாக அமிலத்தைச் சேர்த்துக் கரைசல் ஆக்கி ஊற்றினார்கள். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. திறந்த வெளியில் செய்ய வேண்டும். அமிலத்தை வடித்ததும் சமையல் சோடாக் கரைசலால் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, உச்சி வெயிலில் காய வைத்தார்கள்.

கார்புரேட்டரில் ஜெட் துவாரங்கள் பிசினால் மூடியிருந்தன. ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் பித்தளைத் துவாரம் பெரிதாகிவிடும். பிறகு எத்தனை டியூனிங் செய்தாலும் பெட்ரோல் அதிகம் குடிக்கும். தின்னரில் ஒரு ராத்திரி ஊற வைத்து, பஞ்சர் கடையில் காற்று அடித்து எடுத்தார்கள். ரப்பர் வளையங்களையும் பெட்ரோல் குழாயையும் புதிதாக மாற்றினார்கள். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம்வரை எத்தனால் கலந்த பெட்ரோல். நம் கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் அதே எத்தனால்தான். ஆனால், அதற்கென்று தயாராகாத பழைய ரப்பரை அது உப்ப வைக்கும். காற்றின் ஈரத்தையும் இழுக்கும். தண்ணீர் அதிகமானால் எத்தனாலோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். எனவே, பழைய வண்டியில் பெட்ரோலை மாதக் கணக்கில் விட்டு வைக்கக் கூடாது.

சிகரெட் காகிதப் பாடம்

பழைய வண்டிகளில் பிளக்குக்குக் கரண்ட் அனுப்புவது 'பாயின்ட்' என்ற சின்ன இரட்டை முனை. அது மூடித் திறக்கும் நேரத்தில்தான் பொறி கிளம்பும். பல வருடம் நின்றதால் முனைகளில் வெள்ளைப் பூச்சு படிந்து, கரண்ட் கடக்காமல் இருந்தது. பொடி எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, பிறகு வெள்ளை அட்டையை இடையில் விட்டுத் துடைத்தார்கள். கண்டென்சரைச் சோதிக்காமலேயே மாற்றினார்கள். விலை குறைந்த பொருள், வழியில் நிறுத்திவிடும் பொருளும் அதுதான்.

பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மெக்கானிக் கண்ணுக்கு ஃபீலர் கேஜில் உள்ள எழுத்துத் தெரியவில்லை. பெண் படித்துச் சொன்னாள். அடுத்தது டைமிங். பிஸ்டன் உச்சிக்கு வர ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும்போது பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய காகிதத்தைப் பாயின்ட்டுக்கு இடையில் வைத்து, அவள் கையில் நுனியைக் கொடுத்தார். "மெல்ல இழுத்துப் புடிச்சுட்டே இரு கண்ணு. நான் சக்கரத்தச் சுத்தறேன். தாளு எப்ப நழுவுதோ அப்பச் சொல்லு." காகிதம் நழுவிய கணத்தில்தான் பாயின்ட் திறக்கிறது. ஒரு பிற்பகல் முழுக்க இதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். பதினோராவது தடவை அவள் சொன்ன இடமும் அவர் கணக்கும் ஒன்றாக வந்தன. "இனி எனக்கு வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

இன்ஜின் தயாரான பிறகும் ஸ்டார்ட் செய்ய அவர் விடவில்லை. முதலில் பிரேக். டிரம்மைத் திறந்தபோது ஷூவிலிருந்து லைனிங் தனியாகப் பெயர்ந்து கையோடு வந்தது. வெளியே பார்ப்பதற்கு லீவர் நன்றாகத்தான் இருந்தது. டயர்கள் பூப்பூவாக வெடித்திருந்தன. கேபிள்கள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருந்தன. ஓட்டைக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்து, ஸ்போக்ஸ் மாற்றி, டயர், பிரேக் ஷூ, கேபிள் எல்லாம் புதிதாகப் போட்ட பிறகுதான் கிக்கரைத் திருப்பிக் கொடுத்தார்.

புல்லட்டை எடுக்க ஒரு முறை உண்டு. டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு மூச்சாக ஒரே மிதி. அந்தப் பெண் பதினேழாவது மிதியில் எடுத்துவிட்டாள். உள்ளே விட்டிருந்த ஆயில் எரிந்து, சாளை முழுக்க வெள்ளைப் புகை. அப்பத்தா சமையல் கட்டிலிருந்து வெளியே வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வண்டி தானாக அடங்கும்வரை நின்றார். "உங்கப்பாரு வர்ற சத்தம் பவானிப் பாலம் தாண்டும்போதே எனக்குக் கேக்கும் கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

செலவு இது: டயர், ட்யூப் 5,200, பிரேக் ஷூ, கேபிள் 2,600, பாயின்ட், கண்டென்சர், காயில், பிளக் 2,300, வயரிங், பேட்டரி 3,900, ரிங், கேஸ்கெட், வால்வு வேலை 5,800, கார்புரேட்டர் சாமான், பெட்ரோல் டேப் 1,700, ஆயில், ஸ்போக்ஸ், வெல்டிங், பெயின்ட் 3,500, கூலி 12,000. மொத்தம் 37,000 ரூபாய்.

புத்தகம் யார் பெயரில்?

வண்டி ஓடியது. ஆனால், ரோட்டில் இறக்க முடியாது. ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில். கடைசியாகப் புதுப்பித்த காலம் முடிந்து பல வருடம். இன்சூரன்ஸ் கிடையாது.

உரிமையாளர் இறந்தால், 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு மனு செய்ய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் செய்வதில்லை. தாமதமாகிவிட்டாலும் அபராதம் கட்டிச் செய்துகொள்ளலாம். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு செய்தால், வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். கையால் எழுதிய பழைய புத்தகம் என்றால், முதலில் அலுவலகத்தில் கணினிப் பதிவில் ஏற்றச் சொல்ல வேண்டும். அதன் பிறகு படிவம் 25-ல் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வண்டியை ஆய்வாளர் பார்ப்பார். பசுமை வரியும் உண்டு. புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும்.

முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, அசல் நிலையில் இருக்கும் வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதிய 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்தால் அன்றாட வேலைக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான். தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓட்ட நினைப்பவர்களுக்குச் சாதாரணப் புதுப்பித்தலே சரி.

இதெல்லாம் அலைச்சல்தான், முடிந்துவிடும். முடியாமல் நின்றது வேறு. வாரிசுகள் மூன்று பேர்: அம்மா, மகன், மகள். மகன் பெயருக்கு மாற்ற, மற்ற இருவரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். தங்கையும் அண்ணனும் பேசிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

2012-ல் நிலத்தில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து, தங்கை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குப் பதிலாக ஐந்து பவுன் போடுவதாகப் பேச்சு. 2010-ல் உச்சத்தில் இருந்த மஞ்சள் விலை அந்த வருடம் மளமளவென்று சரிந்து கிடந்தது. 'அடுத்த வெள்ளாமையில பாத்துக்கலாம்' என்றார் அண்ணன். அடுத்த வெள்ளாமையிலும் நடக்கவில்லை. தங்கை இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை. வருவதையும் நிறுத்திக்கொண்டார்.

குட்டியானையில் போன புல்லட்

ஆடி முடியும் சமயம் அண்ணன் காகிதத்தோடு தங்கை வீட்டுக்குப் போனார். "வாங்க" என்றார் தங்கை. தண்ணீர் கொடுத்தார். காகிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "போன தடவையும் இந்தத் திண்ணையில உக்காந்துதானுங்ணா கையெழுத்துக் கேட்டீங்க. அப்ப நெலத்துக்கு. இப்ப வண்டிக்கு."

அண்ணனிடம் பதில் இல்லை. கிளம்பி வாசல்வரை வந்தபோது, தங்கை பின்னாலிருந்து கேட்டார்: "வண்டி நெசமாவே ஓடுதுங்களா?" ஓடுகிறது என்றார். "அப்பக் கொண்டாந்து காட்டுங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

பேப்பர் இல்லாத வண்டியை 22 கிலோமீட்டர் ரோட்டில் ஓட்டிப் போக மெக்கானிக் சம்மதிக்கவில்லை. வழியில் எதிலாவது மோதினால் இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்கு நஷ்டஈடு முழுவதும் சொந்தக் கையிலிருந்துதான் போகும், நிலத்தை விற்றாலும் ஆகாது என்றார். எனவே, வாழைத்தார் ஏற்றும் குட்டியானையில் புல்லட்டைக் கயிறு போட்டுக் கட்டி, அப்பத்தாவை முன்சீட்டில் உட்கார வைத்து, பேத்தி பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

தங்கை வீட்டுக் களத்தில் இறக்கி, பேத்தி ஸ்டார்ட் செய்தாள். தங்கை கிட்டே வந்து டேங்க் மேல் கையை வைத்துப் பார்த்தார். அதிர்வு கைக்குத் தெரிந்திருக்கும். சிறிது நேரம் கழித்து, "சரி, அமத்து கண்ணு" என்றார். கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "கையெழுத்து அப்பாவுக்குப் போட்டது. பவுன் கணக்கு அப்படியேதான் இருக்குதுங்ணா" என்றார். அப்பத்தா மகளைத் தடுக்கவும் இல்லை, மகனுக்குப் பரிந்து பேசவும் இல்லை.

ஐந்து பவுன் கணக்கு

ஆவணியில் பெயர் மாற்றமும் புதுப்பித்தலும் முடிந்தன. அந்த வகையில் செலவு 6,500. பழைய வியாபாரியே வந்தார். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு முடிந்தது.

விற்க வேண்டாம் என்று பேத்தி அழுதாள். அப்பத்தாவைக் கேட்டார்கள். "வண்டி அவரு வாங்குனது. பவுனு தர்றேன்னு சொன்னது நீ. சொன்னதச் செய்யி" என்றார் மகனிடம்.

2012-ல் பவுன் விலை 23,000 ரூபாய் சுற்றி இருந்தது. ஐந்து பவுன் அன்றைக்கு 1,15,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். 2025 ஆவணியில் பவுன் 75,000-ஐ ஒட்டி நின்றது. புல்லட் விற்ற பணம் முழுவதையும் போட்டு, செய்கூலி, வரி எல்லாம் சேர்த்து வாங்க முடிந்தது ஒன்றரைப் பவுன் சங்கிலி. 13 வருடம் தள்ளிப் போட்டதில் கடன் மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. மீதி மூன்றரைப் பவுனை இரண்டு மஞ்சள் அறுவடைக்குள் போடுவதாக, இந்தத் தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார் அண்ணன். பவுனாகத்தான் எழுதியிருக்கிறார், ரூபாயாக இல்லை. தங்கை கேட்டது அப்படி.

37,000-மும் 6,500-மும் வாழை விற்ற பணத்திலிருந்து போனவை. அதைக் கழித்தால் வண்டியில் நின்றது 76,500 ரூபாய். நின்ற நிலையில் கொடுத்திருந்தால் 45,000. நாலு மாத உழைப்புக்கு 31,500 கூடுதல். வெறும் லாபத்துக்காக என்றால் இதைப் பெரிய வருமானம் என்று சொல்ல முடியாது. உழவு நேரத்தில் இறங்கினால் நஷ்டம்கூட வரலாம். வெள்ளாமை வேலை குறைந்த மாதங்களில், சாமான் கிடைக்கும் வண்டியாக இருந்து, வேலை தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் மட்டும் இறங்குவது நல்லது.

பெண்ணுக்கு மிஞ்சியது கைவேலை. இரண்டு பருவமாக இழுத்தும் ஸ்டார்ட் ஆகாமல் பரணில் கிடந்த பவர் ஸ்பிரேயரை எடுத்து, கார்புரேட்டர் ஜெட்டைச் சுத்தம் செய்து ஓட வைத்துவிட்டாள். இப்போது அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஸ்பிரேயரையும் புதர்வெட்டியையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து உட்கார்ந்துகொள்கிறார். வால்வு சத்தத்தைக் கேட்டே குறை சொல்வது எப்படி என்று இப்போது பாடம் நடக்கிறது.

உங்கள் கொட்டகையில் நிற்பவற்றுக்கு

பைக், பவர் டில்லர், ஸ்பிரேயர், புதர்வெட்டி, பெட்ரோல் பம்ப்செட் எதுவானாலும் ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால்:

1. பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பதும் தீரும்வரை ஓடவிட்டு அணைக்கவும். ஆயில் கலந்த பெட்ரோலை அடுத்த பருவத்துக்கு வைக்க வேண்டாம்.

2. ஓடிய பழைய ஆயிலில் அமிலமும் கரியும் இருக்கும். நிறுத்துவதற்கு முன்பே புது ஆயில் மாற்றவும்.

3. பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டு மூன்று முறை மெல்லச் சுற்றி, பிளக்கைத் திரும்ப மாட்டவும். மாதம் ஒருமுறை கையால் சுற்றிவிடவும்.

4. பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றவும்.

5. சைலன்சர் வாயையும் காற்று ஃபில்டர் வாயையும் துணியால் கட்டவும். கட்டியிருப்பதை எடுக்க மறக்காமல் இருக்க, கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிடவும்.

6. உரமூட்டை, உப்பு, மாட்டு மூத்திரம் ஓடும் வாய்க்கால், கோழி அடையும் இடம் இவற்றிலிருந்து தள்ளி நிறுத்தவும். சக்கரம் தரையில் படாமல் கட்டையில் ஏற்றினால் டயர் தப்பிக்கும்.

7. ஆர்.சி., இன்சூரன்ஸ் தேதிகளை வருடம் ஒருமுறை எடுத்துப் பார்க்கவும். வண்டியோ, நிலமோ, மின் இணைப்போ காலமானவர் பெயரில் இருந்தால், வாரிசுகள் எல்லோரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளும்போதே பெயர் மாற்றத்தை முடித்துவிடவும்.